அடைகாத்த இலக்கு

கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், கண்ணுகளா. எல்லாருக்கும் இடம் இருக்கிறது. சிரிப்பு வந்தால் சிரியுங்கள். எரிச்சல் வந்தாலும் அடக்க வேண்டாம். எரிச்சல் வந்ததால்தான் இந்தக் கதையே வந்தது.

ஒரு பெரிய நாடு. எவ்வளவு பெரியது என்று கேட்காதீர்கள். தான் எவ்வளவு பெரியது என்று சொல்லிக்கொள்வதிலேயே அந்த நாட்டுக்குப் பாதி நேரம் போய்விடும். அது ஒருநாள் உலகத்தார் கூடிய சபையில் எழுந்து நின்று வாக்குக் கொடுத்தது. இனி நிலக்கரியை நம்ப மாட்டோம், வெயிலிலும் காற்றிலும் மின்சாரம் எடுப்போம், பூமியின் சூடு ஒன்றரை டிகிரிக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்வோம் என்றது. கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். வாக்குக் கொடுத்தவர்கள் விமானத்தில் திரும்பி வரும்போது, இவ்வளவு பெரிய வாக்கை எங்கே வைப்பது என்று கவலைப்பட்டார்கள். வெளியே வைத்தால் கெட்டுப்போகும். உபயோகித்தால் தேய்ந்துபோகும். ஆகவே அதைப் பத்திரமாக வைப்பதற்கென்றே ஓர் அலுவலகம் கட்டினார்கள். காலநிலை உறுதிமொழி நிறைவேற்று இயக்ககம் என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விடுகிறது என்று கண்டக்டர்கள் அதை "உறுதி ஆபீஸ்" என்று சுருக்கிவிட்டார்கள்.

அந்த நாட்டில், ஒரு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த தெருவில், குஞ்சு பொரித்துக் கொடுக்கும் ஒருவர் இருந்தார். பண்ணைக்காரர் தட்டுத் தட்டாக முட்டை கொண்டுவந்து கொடுப்பார். மூன்று வாரம் கழித்து அதையே குஞ்சுகளாக வாங்கிக்கொண்டு போவார். வீட்டு முன்னறையை முழுசாக அடைத்துக்கொண்டு பொரிப்பெட்டி நின்றது, பீரோவைப் படுக்கப் போட்டமாதிரி. உள்ளே எப்போதும் முப்பத்தேழரை டிகிரி சூடு இருக்க வேண்டும். ஏறினாலும் இறங்கினாலும் முட்டை கெட்டுவிடும். கண்ணாடிக்குள் இருக்கும் முள்ளைப் பார்த்தபடி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். சாப்பாடும் அங்கேயே, சவரமும் அங்கேயே. அதனால் தெருக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் அடைகோழி. அதற்கெல்லாம் அவர் கோபப்படுவதில்லை. கோபப்படவே தெரியாது. அதிகாரி மாதிரி யாராவது எதிரே வந்து நின்றால் போதும், "சரிங்க சார்" தானாக வாயிலிருந்து கழன்று விழும்.

அவர் மனைவி வேறு ரகம். முட்டையை விளக்குக்கு எதிரே பிடித்து, உயிர் பிடித்தது எது, கூமுட்டை எது என்று பிரிப்பது அவள் வேலை. கூமுட்டை தெரியும் அல்லவா உங்களுக்கு? வெளியே பார்த்தால் மற்ற முட்டையைவிட அழகாக, வழுவழுவென்று இருக்கும். உள்ளே ஒன்றும் உருவாகியிருக்காது. எத்தனை நாள் சூட்டில் வைத்தாலும் குஞ்சு வராது, நாற்றம்தான் வரும்.

அந்த வருஷம் மின்வெட்டு வந்து உயிரை வாங்கியது. காலையில் போகும், மதியம் எட்டிப் பார்க்கும், வந்த சுவடு தெரியாமல் மறுபடியும் போகும். இரண்டு தடவை முழுப்பெட்டியும் குளிர்ந்து செத்தது. மூன்றாவது தடவை முட்டையை இறக்கிவிட்டுப் பண்ணைக்காரர் வாசலிலேயே நின்றார்.

"அண்ணே, உங்களைக் குத்தம் சொல்லலை. ஆனா இந்தத் தடவையும் பெட்டியைத் திறந்தா நாத்தம்தான்னா, அடுத்த ஊர் கம்பெனிக்கே முட்டையைக் குடுத்துடுவேன். தப்பா நினைக்காதீங்க."

அவர் போனதும் மனைவி சொன்னாள்: "அப்படி ஆச்சுன்னா நானும் அந்தக் கம்பெனிக்கே வேலைக்குப் போயிடுவேன். அங்கேயே தங்கிக்கணுமாம், தங்கிக்கறேன். நீங்க காலிப் பெட்டிக்குப் பக்கத்துல உட்கார்ந்து முள்ளைப் பார்த்துக்கிட்டிருங்க."

பண்ணைக்காரர் சொன்னதைவிட இதுதான் அடைகோழியைக் கலங்கடித்தது. அவள் சொன்னால் செய்பவள்.

அந்தச் சமயத்தில்தான் உறுதி ஆபீஸின் வண்டி தெருவுக்குள் நுழைந்தது. பச்சைச் சட்டை போட்டவர்கள் இறங்கி, வீட்டுக்கு வீடு மாடி ஏறி, கூரைமேல் சூரியப் பலகைகளைப் பொருத்தினார்கள். ஒயரைச் சுவர் வழியாக இறக்கினார்கள். முன்னறையில் இன்வெர்ட்டர் பெட்டியை மாட்டினார்கள். எல்லாம் முடிந்ததும் அந்தப் பெட்டியின் ஸ்விட்சுக்குமேல் ஒரு சிவப்புத்தாளை ஒட்டி முத்திரை வைத்தார்கள். ஒயரின் நுனியைச் சுருட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டித் தொங்கவிட்டார்கள்.

"தம்பி, கரண்ட் எப்ப வரும்?" என்று கேட்டாள் மனைவி.

"கரண்டாம்மா? நாங்க நிறுவுறவங்க. நிறுவியாச்சு. முத்திரையைக் கிழிச்சுடாதீங்க, கிழிச்சா பலகையைக் கழட்டிட்டுப் போயிடுவாங்க. சார், இப்படித் திரும்பிச் சிரிங்க. பயனாளி சிரிக்கணும்னு விதி இருக்கு."

அடைகோழி சிரித்தார். படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த வீட்டு டெய்லருக்கு மட்டும் உடனே பலன் கிடைத்தது. "மாடியில வெயில் விழறதே இல்லை, அக்கா. வீடு குளுகுளுன்னு இருக்கு. இதுக்குத்தான் குடுத்தாங்கபோல" என்றார்.

முட்டைகளை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு அடைகோழி உறுதி ஆபீஸுக்குப் போனார். ஜன்னல்களில் எல்லாம் கறுப்புத்தாள் ஒட்டியிருந்தது. வெயில் உள்ளே வந்தால், கம்ப்யூட்டர் திரையில் இருக்கும் வெயில் பற்றிய வரைபடங்கள் சரியாகத் தெரியவில்லையாம். அதனால் பட்டப்பகலில் அத்தனை குழல்விளக்குகளும் எரிந்தன. ஏசிக் குளிரில் ஊழியர்கள் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். பின்பக்கம் ஒரு ஜெனரேட்டர் கறுப்பாக இருமிக்கொண்டிருந்தது.

"இணைத்தல் பிரிவு எங்கங்க இருக்கு?"

பியூன் கடைசி அறையைக் காட்டினார். பூட்டியிருந்தது. கண்ணாடி வழியே பார்த்தால் உள்ளே கூரைவரை பிளாஸ்டிக் நாற்காலிகள், சுருட்டிய பேனர்கள்.

"அந்தப் பிரிவையும் நிறுவியாச்சு," என்றார் பியூன். "ஆள்தான் இன்னும் இணைக்கலை."

கடைசியில் உதவி இயக்குநரிடம் அனுப்பினார்கள். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது, கண்ணுகளா. எழுந்து நின்று கை கொடுத்தார்.

"வாழ்த்துகள். உங்க கூரை சாதனையில சேர்ந்தாச்சு."

"சந்தோஷங்க சார். கரண்ட் வரலைங்க சார்."

"திறன் வந்துடுச்சுல்ல?"

"அப்படின்னா என்னங்க சார்?"

"வெயிலும் அடிச்சு, ஸ்விட்சும் போட்டு, எல்லாம் ஒழுங்கா நடந்தா எவ்வளவு கரண்ட் வருமோ, அதுதான் திறன். நாட்டோட மொத்தத் திறன்ல பாதி வெயில், காத்துன்னு இருக்கணும்னு வாக்குக் குடுத்தோம். கெடுவுக்கு முன்னாடியே முடிச்சுட்டோம். கரண்ட் வரும்னு எங்கயாவது சொன்னோமா?"

அடைகோழி யோசித்துப் பார்த்தார். சொன்னதாக அவருக்கும் நினைவில்லை.

"அந்த ஸ்விட்சை மட்டும் போட்டுக்கலாங்களா சார்?"

"அதுக்குப் பேரு பயன்பாடு. அது அடுத்த பத்து வருஷத்துக்கான வாக்குறுதி. இன்னும் நாங்க அதைக் குடுக்கவே இல்லை. சபையில எழுந்து நின்னு குடுக்கணும், கைதட்டு வாங்கணும். நீங்க இப்பவே போட்டுட்டா, குடுக்காத வாக்கை நிறைவேத்தினமாதிரி ஆயிடும். அப்புறம் அங்க போய் நாங்க எதைக் குடுக்கறது? வெறுங்கையோட போறதா?"

"சரிங்க சார். ஆனா முட்டைங்க சார். சூடு இல்லைன்னா செத்துடும்."

"சூடா?" உதவி இயக்குநர் பேனாவைக் கீழே வைத்தார். "எவ்வளவு சூடு?"

"முப்பத்தேழரை டிகிரிங்க சார்."

உதவி இயக்குநரின் முகம் வெளுத்துவிட்டது. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இதை வெளியில சொல்லிடாதீங்க. மொத்த நாடும் ஒன்றரை டிகிரிக்குள்ள இருக்கணும்னு உலகத்துக்கிட்ட வாக்குக் குடுத்திருக்கோம். நீங்க ஒரே வீட்டுல முப்பத்தேழரையை வெச்சிருக்கீங்க!"

"அது பெட்டிக்குள்ளங்க சார்."

"பெட்டி எங்க இருக்கு? பூமியிலதானே?"

பெட்டி பூமியில்தான் இருந்தது.

"பயப்படாதீங்க," என்றார் உதவி இயக்குநர், குரலைத் தணித்து. "படிப்படியாக் குறைச்சுக்கறேன்னு ஒரு உறுதிமொழி குடுங்க, போதும். குறைக்கணும்னுகூட இல்லை."

"சரிங்க சார்."

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: "என்ன சொன்னாங்க?"

"சூட்டைக் குறைச்சுக்கச் சொன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

அவள் அடுப்பின்மேல் இருந்த பாத்திரத்தைத் தரையில் வைத்தாள். வைத்த சத்தத்தில் அடுத்த வீட்டுத் தையல் மெஷின் ஒரு நிமிஷம் நின்றது.

அதற்கப்புறம் இரண்டு பேருமாக அந்த முட்டைகளைக் காபந்து செய்த பாட்டைச் சொல்லி மாளாது. கரண்ட் போனால் வெந்நீர் காய்ச்சிப் பாட்டில்களில் ஊற்றிப் பெட்டிக்குள் வைப்பார்கள். மேலே கம்பளி, அதற்குமேல் மெத்தை, அதற்கும்மேல் அடைகோழியே கையை விரித்துப் படுத்துக்கொள்வார். இடையில் ஒருநாள் மனைவி ஒரு முட்டையை விளக்கில் பிடித்து, "இங்க பாருங்க" என்று கூப்பிட்டாள். உள்ளே சிவப்பு நூல்கள் பின்னியிருந்தன. நடுவில் ஒரு புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சண்டை எதுவும் நினைவில் இல்லை அப்போது.

குஞ்சு வரவேண்டிய நாள் நெருங்கியபோது வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. உதவி இயக்குநர்தான். முகமெல்லாம் பல்.

"உங்க அதிர்ஷ்டத்தை என்னன்னு சொல்றது! பலகை வெச்ச கூரைகளை எண்ணிக்கிட்டே வந்தோம். நாட்டோட எண்ணிக்கை ஆயிரம், லட்சம் மாதிரி ஒரு முழு எண்ணுக்கு வருது, அந்த முழு எண்ணு உங்க கூரை மேல வந்து உட்கார்ந்திருக்கு! தலைமை இயக்குநரே வர்றார். வெள்ளிக்கிழமை விழா."

"அன்னிக்குத்தாங்க சார் குஞ்சு வெளிய வரும். ரெண்டு நாள் தள்ளி வெச்சுக்கலாங்களா?"

"தேதியை நிறுவியாச்சே!"

"அப்ப அன்னிக்கு ஸ்விட்ச் போடுவீங்களா?" என்றாள் மனைவி.

"பட்டனே அமுக்குவார், அம்மா. விளக்கு எரியும்."

அடைகோழிக்கு உயிர் வந்தது. மனைவிக்கு வரவில்லை. "எந்த விளக்கு?" என்று கேட்டாள். அதற்குள் கார் திரும்பிவிட்டது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் தெருவை மறித்து மேடை போட்டார்கள். மேடை மின்கம்பத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டதால், பாதுகாப்புக்காகத் தெருவுக்கே கரண்டை நிறுத்தினார்கள். பலகைகள் வெயிலில் மினுக்கி கேமராவின் கண்ணைக் கூசவைத்தன. ஆகவே அவற்றின்மேல் ஒரு பெரிய துணியைப் போர்த்தினார்கள். அந்தத் துணியில் சூரியப் பலகைகளின் படம் அச்சடித்திருந்தது. அசலைவிடப் பளிச்சென்று இருந்ததாகப் பேசிக்கொண்டார்கள். மேடை விளக்குக்கும் மைக்குக்கும், பட்டன் அமுக்கினால் எரியப்போகும் அந்த விளக்குக்கும், லாரியில் ஒரு ஜெனரேட்டர் வந்து இறங்கியது.

பெட்டிக்குள் முட்டைகள் ஒவ்வொன்றாகக் கீறல் விட ஆரம்பித்திருந்தன. அலகு நுனி தெரிந்தது. கீச்சுக் குரல் கேட்டது. முள் மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது. வெந்நீர் பாட்டில் வைக்கலாம் என்றால், இந்த நேரத்தில் மூடியைத் திறந்து திறந்து வைத்தால் உள்ளே இருக்கும் ஈரப்பதம் போய், குஞ்சு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். அடைகோழி மேடைக்குப் பின்னால் ஓடினார்.

"சார், அந்த ஜெனரேட்டர்லேருந்து ஒரே ஒரு ஒயர் குடுங்க சார். மதியம் வரைக்கும். குஞ்சு ஓட்டை ஒடச்சிட்டிருக்கு."

"அது ஜெனரேட்டர் இல்லை," என்றார் உதவி இயக்குநர். "இன்னிக்கு அது சூரிய மின்சாரம்."

"டீசல்தானுங்களே சார் ஊத்தினாங்க?"

"டீசல் எங்கேருந்து வந்தது? பூமிக்கடியிலேருந்து. அங்க எப்படிப் போச்சு? ஒரு காலத்துல வெயில்ல வளர்ந்ததெல்லாம் செத்து, மக்கி, அப்படி ஆச்சு. ஆகக்கூடி அதுவும் வெயில்தான். பழைய வெயில். நீங்க வாங்க, மேடையில பயனாளி நாற்காலி காலியா இருக்கு."

"சார், முட்டை..."

"சிரிச்ச முகமா இருங்க."

கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்காரவைத்துவிட்டார்கள். மேடையிலிருந்து பார்த்தால் அவர் வீட்டு ஜன்னல் தெரியும். ஜன்னலில் மனைவி நின்றாள். இவரைப் பார்த்தாள். பிறகு ஜன்னலில் அவள் இல்லை.

தலைமை இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"அன்பார்ந்த மக்களே! புகை குறையவில்லை என்று சிலர் புலம்புகிறார்கள். புகை கூடித்தான் இருக்கிறது. நான் எதையும் ஒளிக்கவில்லை. ஆனால் நாடு அதைவிட வேகமாக வளர்ந்திருக்கிறது. புகையை வளர்ச்சியால் வகுத்துப் பாருங்கள், குறைந்திருக்கும்! வகுக்காமல் மூச்சு விடுவது யார் தவறு?"

"என் தொப்பையைத் தெருவோட அகலத்தால வகுத்தா நானும் ஒல்லிதான்," என்றார் கூட்டத்தில் இருந்த டெய்லர்.

"புதிதாக ஏன் கரியில் ஓடும் மின் ஆலை கட்டுகிறீர்கள் என்று கேட்கிறார்கள். சூரியப் பலகை செய்வதற்கு மின்சாரம் வேண்டாமா? இந்த நாட்டில் ஒவ்வொரு கரி ஆலையும் கரியை ஒழிப்பதற்காகவே கட்டப்படுகிறது! ஒரு காலத்தில் நம்மிடம் இலக்கு இல்லை. இன்று இருக்கிறது. அதை அடைந்தும்விட்டோம். அடுத்து அதைவிடப் பெரிய இலக்கை வைப்போம். இலக்கு வைப்பதில் நம்மை மிஞ்ச இந்த உலகத்தில் ஆள் இல்லை!"

எல்லாரும் கைதட்டினார்கள். அடைகோழியும் தட்டினார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கேமராக்காரர் கிட்டே வந்து அதைப் பெரிதாக எடுத்தார். நன்றிக் கண்ணீர் என்று அன்று ஊரெல்லாம் காட்டினார்கள்.

"சார், கூரையில திடீர்னு மினுக்குது," என்றார் கேமராக்காரர்.

உதவி இயக்குநர் நிமிர்ந்து பார்த்துப் பூரித்துப்போனார். "பிரிண்ட் எவ்வளவு தத்ரூபமா வந்திருக்கு பார்த்தீங்களா!"

தலைமை இயக்குநர் பட்டனை அமுக்கினார். ஜெனரேட்டர் உறுமியது. நடுப்பகல் வெயிலில் ஒரு விளக்கு எரிந்தது. அது எரிகிறதா என்று சிலர் கையைக் குவித்துவைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

கூட்டம் கலைந்ததும், கழுத்தில் போட்ட மாலையோடு அடைகோழி வீட்டுக்குள் போனார். முன்னறையில் மனைவி தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கையெல்லாம் மாடித் தூசி, மடியில் பலகைகள்மேல் போர்த்தியிருந்த அந்தத் துணி. சிவப்புத்தாள் இரண்டாகக் கிழிந்து கிடந்தது. ஒயரின் நுனி பொரிப்பெட்டியோடு சேர்ந்திருந்தது. பெட்டிக்குள் விளக்கு எரிந்தது, முள் முப்பத்தேழரையில் நின்றது. ஓடுகளுக்கு நடுவே, ஒன்றன்மேல் ஒன்றாக, ஈரக் குஞ்சுகள் விழுந்து எழுந்துகொண்டிருந்தன.

"கொஞ்சம் போச்சு," என்றாள். "நேரமாயிடுச்சு. மிச்சமெல்லாம் பொழச்சுக்கும்."

அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "சரிங்க சார்னு மட்டும் சொல்லிடாதீங்க," என்றாள் அவள். இரண்டு பேருக்கும் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

மறுநாள் பண்ணைக்காரர் குஞ்சுகளை எடுத்துக்கொண்டு, புதிய முட்டைகளை இறக்கிவிட்டுப் போனார். கம்பெனியைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. மனைவியும் திறக்கவில்லை.

இங்கே கதை முடிந்திருக்க வேண்டும், கண்ணுகளா. நல்லது நடந்தால் அதோடு விட்டுவிட எந்த ஆபீஸுக்கு மனசு வரும்?

இன்வெர்ட்டர் பெட்டிக்குள் ஒரு சின்ன மீட்டர் இருந்தது. எந்தக் கூரை மின்சாரம் கொடுத்தாலும் அது தானாகவே தலைமையகத்துக்குச் சொல்லிவிடும். அங்கே சுவரில் ஒரு பெரிய திரை. மாட்டிய நாளிலிருந்து பூஜ்யத்தைக் காட்டிக்கொண்டு அமைதியாக இருந்த திரை. அதில் திடீரென்று "ஒன்று" என்று வந்தது. திரையில் கோளாறு என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். அவர் திரையையே மாற்றினார். புதிய திரையும் ஒன்று என்றது. அதன் பிறகுதான் உதவி இயக்குநரை அனுப்பினார்கள்.

அவர் வந்தபோது தெருவில் மின்வெட்டு. நெற்றியைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தவர், ஓடிக்கொண்டிருந்த பொரிப்பெட்டியைப் பார்த்து அப்படியே நின்றார்.

"என்னம்மா பண்ணீங்க?"

"சொருகினேன்."

"யார்கிட்டப் பயிற்சி எடுத்தீங்க?"

"சொருகறதுக்கா?"

"நாங்க அதை ஆராய ஒரு குழு போட்டிருக்கோம். அவங்க மூணு நாடு போய்ப் பார்த்துட்டு வந்திருக்காங்க. இன்னும் முடிவுக்கு வரலை. நீங்க பாட்டுக்குச் சொருகினா எப்படி?"

மனைவி நேராக விஷயத்துக்கு வந்தாள். "இப்ப பலகையைக் கழட்டிட்டுப் போகப் போறீங்களா?"

"கழட்டறதா? கழட்டினா எண்ணிக்கை குறைஞ்சுடும். அதெல்லாம் செய்ய முடியாது." உதவி இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் சொல்றதைக் கொஞ்சம் புரிஞ்சுக்கோங்க. திரையில பூஜ்யம்னு இருந்தவரைக்கும் யாரும் எதுவும் கேக்கலை. பூஜ்யம்னா, இன்னும் கணக்கெடுக்க ஆரம்பிக்கலைன்னு அர்த்தம். ஒண்ணுன்னு வந்துட்டா கணக்கெடுத்தாச்சுன்னு அர்த்தம். இத்தனை கூரையில ஒண்ணுதானான்னு உலகம் சிரிக்கும். நாட்டோட மானம் உங்க ஒயர்ல தொங்குது, அம்மா. புடுங்கிடுங்க."

"புடுங்கினா முட்டை?"

"அடுத்த வாக்குறுதி வரட்டும். முதல் ஆளா உங்களுக்கு."

மனைவி அவரையே பார்த்தாள். அவளுக்குக் கத்தத் தோன்றவில்லை. அலுத்துப்போயிருந்தது.

"இலக்கை அடைஞ்சுட்டோம் அடைஞ்சுட்டோம்னு மைக்கைப் புடிச்சுச் சொல்றீங்களே. நீங்க அடையலை, சார். அடைகாக்கறீங்க. வருஷக்கணக்கா ஏசியில, டீசல்ல, கரியில, அது மேலேயே உட்கார்ந்திருக்கீங்க. ஒருதடவையாவது விளக்குல புடிச்சுப் பார்த்தீங்களா? உள்ள ஒண்ணும் இல்லை. கூமுட்டை!"

உதவி இயக்குநர் நிமிர்ந்தார். "யாரைச் சொல்றீங்க?"

"முட்டையைத்தான் சொன்னேன்."

அவர் நம்பினாரா என்று தெரியாது. எழுந்து ஒயரை நோக்கிக் கையை நீட்டினார். அடைகோழி குறுக்கே வந்து நின்றார். அவருக்கே ஆச்சரியம்தான், எப்படி வந்தோம் என்று. "வேண்டாங்க சார்," என்றார். அங்கிருந்து நகரவில்லை.

அந்த நேரம் பார்த்து, கழுத்தில் அளவு நாடாவோடு டெய்லர் உள்ளே நுழைந்தார். "அக்கா, நீங்க சொன்னமாதிரியே சொருகினேன், மெஷின் பறக்குது! எதிர்வீட்டுலயும் போட்டுக் குடுத்துட்டேன். அந்த மூலைவீட்டு அம்மாதான் எந்த ஓட்டையிலன்னு..." அதிகாரியைப் பார்த்ததும் பேச்சு பாதியில் நின்றது. நாடாவைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார், என்னவோ அதுதான் குற்றம்போல.

உதவி இயக்குநர் ஜன்னலுக்குப் போனார். மின்வெட்டு நேரத்துத் தெரு. ஆனால் ஒரு வீட்டில் மின்விசிறி சுற்றியது. இன்னொரு வீட்டில் மிக்ஸி கதறியது. எங்கேயோ ரேடியோ பாடியது. அவர் போனை எடுத்துத் தலைமை இயக்குநரைக் கூப்பிட்டார்.

"சார், நான்தான் சார். இங்க நிலைமை கைமீறிப் போயிட்டிருக்கு. இலக்கு... இங்க நிஜமாவே நடந்துக்கிட்டிருக்கு, சார்! இதை எப்படி நிறுத்தற..."

போன் அணைந்துபோனது. தட்டிப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார். உயிர் வரவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டான் என்று தலைமை இயக்குநர் நினைத்தால் வேலை போய்விடும். வியர்த்துக் கொட்டியது.

"எங்க குவார்ட்டர்ஸ்ல நேத்துலேருந்து கரண்ட் இல்லை," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. பையைத் துழாவி ஒரு சார்ஜரை எடுத்தார். "அம்மா... தப்பா நினைக்காதீங்க. ஒரு நிமிஷம் போட்டுக்கலாமா?"

அடைகோழி மனைவியைப் பார்த்தார். டெய்லரும் மனைவியைப் பார்த்தார். அவள் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த முட்டைத் தட்டை நகர்த்தி, அவர் நிற்பதற்கு இடம் விட்டாள்.

"போட்டுக்கோங்க. எடுக்கும்போது உங்க ஒயரை மட்டும் புடுங்குங்க."

சார்ஜர் ஒயர் குட்டை. அவர் சுவரோடு சுவராக ஒட்டி, இடுப்பை வளைத்து, பொரிப்பெட்டியின்மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. போன் கண் விழித்ததும் அடித்தது. தலைமை இயக்குநர்தான். அவர் கத்துவது அறை முழுக்கக் கேட்டது.

"என்னய்யா நடக்குது அங்க?"

உதவி இயக்குநரின் கைக்கு அடியில் பெட்டி வெதுவெதுப்பாக இருந்தது. அவர் கையை எடுக்கவில்லை.

"ஒண்ணும் இல்லை, சார்," என்றார். "மீட்டர் கோளாறுதான். நேர்ல பார்த்துட்டேன். இந்தத் தெருவுல யாரும் எதையும் பயன்படுத்தலை, சார்."

பேசி முடித்த பிறகும், போன் பாதி நிறையும்வரை, அவர் அப்படியே குனிந்து நின்றுகொண்டிருந்தார்.